அயாவாஸ்கா குடிக்கப் போகிறவன் தூக்க மாத்திரையைப் பையில் வைத்துக்கொள்ளலாமா?

கடைசிபெஞ்ச்:
என் அத்தை மகன் அடுத்த மாதம் பெருவுக்குப் போகிறான். இகிட்டோஸ் நகரத்துப் பக்கம் காட்டுக்குள் ஒரு முகாம், பத்து நாளில் நான்கு ராத்திரி அயாவாஸ்கா. தெரியாதவர்களுக்காக: ஒரு கொடியையும் சாக்ருனா என்கிற செடியின் இலையையும் மணிக்கணக்கில் காய்ச்சி எடுக்கிற அமேசான் கஷாயம் அது, குடித்தால் நாலைந்து மணி நேரம் காட்சிகள் வரும். பயல் இரண்டு வருடமாக ராத்திரி குளோனசெபாம் போட்டுத்தான் தூங்குகிறான். முகாமிலிருந்து “எல்லா மருந்தையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்தவும்” என்று மெயில் வந்திருக்கிறது. நிறுத்திவிடுவானாம், ஆனால் கஷாயம் குடித்து ரொம்பப் பயந்துபோனால் போட்டுக்கொள்ள இரண்டு மாத்திரை எடுத்துப்போவானாம். இது சரியா?

கொடிக்கால்:
தாராளமாக எடுத்துப் போகச் சொல்லுங்கள். நான் இரண்டு முறை போய் வந்தவன். இரண்டாம் முறை நடுராத்திரியில் தாங்க முடியாமல் ஒரு மாத்திரை போட்டேன், காலையில் நன்றாக எழுந்தேன். இந்தக் கஷாயத்தோடு மோதுவது மனச்சோர்வு மாத்திரைகள்தான். தூக்க மாத்திரைக்கும் அதற்கும் சண்டை இல்லை, ஆஸ்பத்திரியிலேயே கலவரமானவர்களுக்கு டயஸெபாம்தான் போடுகிறார்கள். சும்மா பயமுறுத்தாதீர்கள்.

மயக்கடியூட்டி:
ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கொடிக்கால் சொன்னதில் பாதி சரி. குளோனசெபாமும் கஷாயமும் ரத்தத்தில் நேருக்கு நேர் மோதுவதில்லை, ஆஸ்பத்திரியில் போடுவதும் உண்மை. ஆனால் அங்கே விரலில் ஆக்சிஜன் கருவி மாட்டியிருக்கும், பக்கத்தில் ஒரு நர்ஸ் இருப்பார், தொண்டையிலிருந்து உறிஞ்சி எடுக்க மெஷின் இருக்கும்.

ஆபரேஷனுக்கு முன்னால் வெறும் வயிற்றோடு வா என்று ஏன் சொல்கிறோம்? மயங்கிக் கிடக்கிறவன் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும், இருமித் தள்ள அவனுக்கு உணர்வு இருக்காது. அயாவாஸ்காவோ வாந்தி வரும் என்று தெரிந்தே குடிக்கிற கஷாயம், அதற்கு அங்கே ‘பூர்கா’ என்றே பேர் வைத்திருக்கிறார்கள். ஆளைத் தூங்க வைத்துவிட்டு வாந்தியையும் வரவழைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

கொடிக்கால்:
முப்பது பேர் வாளியில் வாந்தி எடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காட்டுப் பழங்குடிகளான ஷிபிபோ மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறார்கள். பெரு அரசே 2008ல் இந்த மரபைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

மயக்கடியூட்டி:
அந்த முப்பது பேரும் முழித்திருந்தார்கள், அதனால்தான் வாளி வரை குனிய முடிந்தது. ஷிபிபோ மரபில் குளோனசெபாம் எங்கே வந்தது? அவர்கள் அனுபவத்தை உங்கள் மாத்திரைக்குச் சான்றாகக் கொண்டு வராதீர்கள்.

இன்னொன்று. பயத்தில் போடுகிற மாத்திரை உடனே கேட்காது, ஒரு மணி நேரம்கூட ஆகலாம். காட்சி ஓடும்போது ஒரு மணி நேரம் ஒரு யுகம் மாதிரி இருக்கும், கேட்கவில்லையே என்று இரண்டாவதும் போடுவான். நடுவில் வாந்தியில் எவ்வளவு வெளியே போனது, எவ்வளவு உள்ளே தங்கியது, யாருக்குத் தெரியும்? கஷாயம் விடிவதற்குள் இறங்கிவிடும், குளோனசெபாம் பாதி இறங்கவே ஒன்றரை நாள் ஆகும்.

ஊமத்தங்காய்:
நீங்கள் இருவரும் ஒரே மாத்திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ‘தூக்கம் வர ஏதோ’ என்று ஆட்கள் எடுத்துப்போவதில் டிராமடால் என்கிற வலி மாத்திரை இருக்கிறது, இருமல் சிரப் இருக்கிறது, அலர்ஜிக்குப் போடுகிற அவில் இருக்கிறது. அந்தக் கொடியில் உள்ள ஹார்மின், ஹார்மலின் எல்லாம் உடம்பின் எம்.ஏ.ஓ. என்சைமைக் கொஞ்ச நேரம் முடக்கும். அது முடங்கினால்தான் இலையில் உள்ள, காட்சிகளை வரவழைக்கிற டிஎம்டி குடலைத் தாண்டி உள்ளே போகும். ஆனால் முடங்கிய நேரத்தில் டிராமடாலோ டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் சிரப்போ போனால் செரட்டோனின் என்கிற மூளை ரசாயனம் எகிறி, காய்ச்சல், நடுக்கம், வலிப்பு என்று உயிருக்கே உலை வைக்கும். 1984ல் நியூயார்க்கில் எம்.ஏ.ஓ.வை முடக்கும் மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 18 வயதுப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் பெத்திடின் என்கிற வலி ஊசி போட்டார்கள், சில மணி நேரத்தில் இறந்தார். அங்கே பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வந்ததே அந்த வழக்கால்தான்.

அப்புறம் டோயே. சில இடங்களில் கஷாயத்தில் அதையும் சேர்ப்பார்கள். நம்மூர் ஊமத்தையின் சொந்தக்காரச் செடி, அதே ஸ்கோபோலமின். ஊமத்தை தின்றவனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாக்கு வறண்டு, இதயம் படபடத்து, யாருமில்லாத இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பான். அதன்மேல் அவிலும் போனால் இரண்டும் ஒரே பக்கம் தள்ளும். கஷாயத்தில் என்னென்ன போடுகிறார்கள் என்று முகாமில் கேட்கச் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்:
அப்படியென்றால் மெயிலில் சொன்னபடி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதுதான் நல்லதா?

மயக்கடியூட்டி:
ஐயோ, அதுதான் இதில் பெரிய ஆபத்து! இரண்டு வருடம் தினமும் போட்டவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், கஷாயம் குடிக்காமலேயே. டாக்டர் பார்த்து வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியது அது. அந்த மெயிலை எழுதியவர்களுக்குச் சத்து மாத்திரையும் இதுவும் ஒன்றுதான் போல. அடுத்த மாதம் போகக் கூடாது என்பதே என் கருத்து.

கொடிக்கால்:
சரி, திடீரென்று நிறுத்துவது தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகவே கூடாது என்பது அதிகம். டிக்கெட் காசை நீங்களா தருவீர்கள்? எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மைதானே.

மயக்கடியூட்டி:
அன்று ராத்திரி உங்கள் பக்கத்தில் யார் முழித்திருந்தார்கள்?

கொடிக்கால்:
எல்லாரும் அவரவர் உலகத்தில் இருந்தார்கள். ஒருவர் பாடிக்கொண்டிருந்தார்.

மயக்கடியூட்டி:
அதைத்தான் கேட்டேன். கடைசிபெஞ்ச், யாராவது குறட்டை மாதிரி ‘கர்கர்’ என்று மூச்சு விட்டுக் கிடந்தால் அதை ஆழ்ந்த தியானம் என்று விட்டுவிடக் கூடாது என்று பயலிடம் சொல்லுங்கள். தட்டிப் பார்த்து எழவில்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். படகில் போகிற இடமென்றால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று இப்போதே கேளுங்கள்.

கடைசிபெஞ்ச்:
கேட்டுவிட்டேன். இகிட்டோஸுக்குப் படகில் மூன்று மணி நேரமாம். டோயே போடுவதில்லை என்கிறார்கள். பயல் என்மேல் கோபமாக இருக்கிறான், ஆனாலும் வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறான். ராத்திரி யார் முழித்திருப்பார்கள் என்றும் முகாமில் கேட்டேன், சடங்கை நடத்துகிற மாயெஸ்த்ரோ விடியும் வரை பாடுவார் என்று பதில் வந்தது. அவரும் கஷாயம் குடித்திருப்பாரா என்று திருப்பி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.