நோய் ஆற்றங்கரை: சயாம் ரயில் பாதைக்குப் போய் வந்தவர்கள்

கிள்ளானிலிருந்து

எங்கள் தாத்தா கொதிக்க வைக்காத தண்ணீரை வாயில் ஊற்றிக்கொள்ளவே மாட்டார். பல் விளக்கிக் கொப்பளிக்கக்கூட ஆறவைத்த வெந்நீர்தான். வீட்டில் யார் சொம்பை எடுத்தாலும் வாசலிலிருந்து குரல் வரும்: "தண்ணி கொதிச்சுதா? குமிழி வந்துச்சா, பாத்தியா?" பாட்டி ஒவ்வொரு தடவையும் "கொதிச்சுது, கொதிச்சுது" என்பார். ஏன் தாத்தா என்று கேட்டால், "சயாமுல நோய் ஆத்துத் தண்ணியக் குடிச்சுதான் எங்கண்ணன் போய்ச் சேந்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நோய் பரவிய ஆறு, அதனால் அப்படிச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2024-ல் ஒருவழியாக, சயாம் என்ற இன்றைய தாய்லாந்தில் அந்த ரயில் பாதை போகும் காஞ்சனபுரிக்குப் போனேன். காஞ்சனபுரியிலிருந்து நாம் தோக் என்ற ஊருக்குப் போகும் ரயிலில், பாதை மலையை ஒட்டி வளையும் இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்லாந்துப் பெண்ணிடம் கீழே ஓடும் ஆற்றைக் காட்டி அதன் பெயரைக் கேட்டேன். "குவே நோய்" என்றார். எனக்குச் சட்டென்று உடம்பு சிலிர்த்துவிட்டது. தாய்லாந்து மொழியில் நோய் என்றால் சிறியது என்று பொருளாம். பெரிய கிளை குவே யாய், சின்ன கிளை குவே நோய். தாத்தா ஆற்றின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார். ஐம்பது வருடம் அதை நான் தமிழாகக் கேட்டிருக்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். தாத்தாவும் அவர் அண்ணனும் மலாயாவில் கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். 1943-ல், இரண்டாம் உலகப் போர் சமயம், மலாயாவைப் பிடித்துவைத்திருந்த ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டான். மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம், சாப்பாடு சும்மா என்றார்கள். தோட்டத்தில் அப்போது அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான். ரப்பர் வாங்க ஆளில்லாததால் வேலையும் இல்லை. அதனால் முதலில் சிலர் தாங்களாகவே போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்த பிறகு யாரும் முன்வரவில்லை. அப்புறம் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கேட்டு, பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பதினோரு பேர் போய் மூன்று பேர் திரும்பினார்கள் என்று தாத்தா சொல்வார்.

கூட்ஸ் வண்டியில் கதவை அடைத்து ஏற்றியிருக்கிறார்கள். ஐந்து நாள். உட்காரத்தான் இடம், படுக்க இடமில்லை. தாய்லாந்தின் பான்போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டு வழியாக நடை. தாத்தா போய்ச் சேர்ந்த இடத்தை "நிக்கி" என்பார். பர்மா எல்லைப் பக்கம். 1943 மே மாதம் மழை பிடித்துக்கொண்டது, கூடவே காலராவும் வந்தது. மூங்கில் கொட்டகை, ஒழுகும் கூரை, ஆற்றுத் தண்ணீர். பெரிய தாத்தா ஒரு காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், மறுநாள் இல்லை. குழி வெட்ட ஆளில்லாமல் மூங்கிலை அடுக்கி மொத்தமாக எரித்தார்கள் என்று தாத்தா சொன்னது ஒரே ஒரு தடவைதான். அன்று அவர் கொஞ்சம் குடித்திருந்தார். தாத்தாவின் இடது முழங்காலுக்குக் கீழே ஒரு பள்ளம் இருந்தது. மூங்கில் கீறி, புண் எலும்புவரை அரித்த இடம். சின்ன வயதில் அதில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்திருக்கிறேன். முழு விரலும் உள்ளே அடங்கும்.

தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத்வரை 415 கிலோமீட்டர் பாதை அது. கடல் வழியில் கப்பல்களை நேசநாடுகள் மூழ்கடித்துக்கொண்டிருந்ததால், பர்மாவில் இருந்த படைக்குச் சாமான் அனுப்ப ஜப்பானுக்குத் தரைவழி தேவைப்பட்டது. 1942-ன் நடுவில் தொடங்கிய வேலை, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்த்தா என்ற இடத்தில் சேர்ந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல் வேலை செய்து, பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் என்று ஆசியத் தொழிலாளிகள் அதைப் போல மூன்று மடங்கு. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் சுமார் 75,000 பேர், பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். ஆசியத் தொழிலாளிகளில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுதான் இருக்கிறது. எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம்வரை சொல்கிறார்கள். இருபதாயிரம் பேர் முன்னே பின்னே! அந்த இருபதாயிரத்துக்குள்தான் எங்கள் பெரிய தாத்தாவும் இருக்கிறார்.

காஞ்சனபுரி ஊருக்குள்ளேயே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட ஏழாயிரம் பேர். புல்லை அவ்வளவு ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள், ஒவ்வொன்றிலும் உலோகப் பட்டயம், பெயர், படைப்பிரிவு, தேதி, வயது. ஒரு வரிசை முழுக்க நடந்தேன். 23, 27, 21, 24. எல்லாம் என் மகன் வயதுப் பிள்ளைகள். யாரோ ஒரு அம்மா சொல்லி எழுதிய வரி அடியில் இருக்கிறது. நின்று படித்தேன், கண் கலங்கியது. அவர்களுக்குக் கிடைத்த மரியாதை குறையவே கூடாது.

ஆனால் எங்கள் ஆளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க நான் எங்கே போவது?

படைக்காரர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். செத்தவன் பெயரைத் திருட்டுத்தனமாக எழுதி ஒளித்துவைக்க ஒருவன் இருந்தான். சண்டை முடிந்ததும், 1945-ல், ஒரு குழு பாதை நெடுக அலைந்து 144 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தேடிப் பிடித்தது. தோட்டத்துக் கூலிக்கு யார் இருந்தார்கள்? மருத்துவர் இல்லை, கணக்குப்பிள்ளை இல்லை, தேடிவர அரசாங்கமும் இல்லை. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே குறைவு. சாம்பலை மழை கொண்டுபோய்விட்டது.

கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே தாவோர்ன் வராராம் என்ற புத்த கோயில் இருக்கிறது. தொழிலாளிகளின் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்த நினைவுத்தூண் ஒன்று அங்கே உண்டு. அந்த வளாகத்தில்தான் 2023-ல் தமிழர்கள் நடுகல் எழுப்பினார்கள். செங்கம் பக்கத்துப் பழைய நடுகற்களில் ஆநிரை மீட்டுச் செத்தவன் பெயர் இருக்கும், சில இடங்களில் அவன் வளர்த்த நாயின் பெயர்கூட இருக்கும். இங்கே இத்தனை ஆயிரம் பெயரை எந்தக் கல்லில் வெட்டுவது? இருந்தாலும் அது நம் சொல், நம் கல். அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போய் வந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள்.


சென்னையிலிருந்து

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் குற்ற உணர்ச்சிதான் வந்தது. 2018-ல் பாங்காக் சுற்றுலாவில் ஒரு நாள் காஞ்சனபுரியில் இருக்கும் அந்த ரயில் பாலத்துக்கு வேனில் கூட்டிப்போனார்கள். இருபது நிமிடம் கொடுத்தார்கள். கறுப்பு இரும்புப் பாலத்தில் எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்தேன். தமிழர்கள் இங்கே செத்தார்கள் என்று எங்கள் வழிகாட்டி சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

அதே பயணத்தில் ஹெல்ஃபயர் கணவாய்க்கும் போனோம். தமிழில் நரகத்தீக் கணவாய் என்று சொல்லலாம். ராத்திரி முழுக்க மூங்கில் பந்தங்களும் எண்ணெய் விளக்குகளும் எரிய, எலும்பும் தோலுமாக ஆட்கள் பாறையை உடைத்ததைப் பார்த்து வைத்த பெயர். மேலே ஆஸ்திரேலியா கட்டிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து படி இறங்கிப் போக வேண்டும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், அதிகபட்சம் 25 மீட்டர் உயரம். நடுவில் சரளைக் கல், அங்கங்கே பழைய கட்டைகள். ஒருவன் உளியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க, துளை ஆழமானதும் வெடி வைப்பார்கள். சிதறிய கல்லைக் கையாலும் கூடையாலும் அள்ளிக் கொட்ட வேண்டும். அப்படி அடித்தபோது உடைந்துபோன ஒரு உளி முனை இன்னும் பாறையிலேயே செருகி நிற்கிறது. தொட்டுப் பார்த்தேன். வெயிலில் பாறை சுட்டது, இரும்பு அதைவிடச் சுட்டது.

அங்கே வயதான ஆஸ்திரேலிய அம்மா ஒருவர் தனியாக நின்றிருந்தார். அவருடைய அப்பா அந்தப் பாறையில் வேலை செய்து உயிரோடு திரும்பியவராம். நான் எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா, தமிழ் பேசுகிறவள் என்றேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்காவது டாக்டர் இருந்தார், அந்தத் தமிழ் ஜனங்களுக்கு யாருமே இல்லை என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார். என் ஜனங்களைப் பற்றி முதன்முதலில் எனக்குச் சொன்னது அவர்தான். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.


ஈப்போவிலிருந்து

நான் இன்னும் போகவில்லை, அம்மா போயிருக்கிறார். ஏழு வயதில். குடும்பத்தோடு கொண்டுபோனார்கள். இப்போது அவருக்கு 88.

பாதை போட்டது, தண்டவாளம், பாலம் எதுவும் அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. மழை ஞாபகம் இருக்கிறது. மூங்கில் பரணில் படுத்தால் கீழே தண்ணீர் ஓடுமாம். மூங்கில் குழாயில் தண்ணீர் மொண்டுவந்து படுத்துக் கிடக்கிறவர்களுக்கு ஊற்றுவதுதான் பிள்ளைகளுக்கு வேலை. "நேத்து ஊத்தின ஆளு இன்னிக்கு இருக்க மாட்டாங்க, அதனால மொகத்தப் பாக்க மாட்டேன், வாய மட்டும் பாத்து ஊத்துவேன்" என்பார். 1946-ல் பாட்டியும் அம்மாவும் மட்டும் ஊர் திரும்பினார்கள். தாத்தா எந்த இடத்தில் போனார் என்று பாட்டிக்கே தெரியாது. காலையில் வேலைக்குப் போனவர் சாயங்காலம் வரவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நோய் ஆறு என்றதும், "ஆமா, அப்படித்தான் சொல்வாங்க" என்றார். கூட்டிப்போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு ராத்திரி படுக்கப் போகும்போது, நீ வேண்டுமானால் போய்விட்டு வா, தாத்தா பேரைச் சொல்லி ஒரு விளக்கு ஏற்று என்றார். எப்படிப் போவது, கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன்.


கிள்ளானிலிருந்து, மறுபடியும்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் ஐயா. வாயை மட்டும் பார்த்து ஊற்றினேன் என்று அவர் சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத ஓடவில்லை. அவர் நினைவில் இருப்பதையெல்லாம் போனிலேயே பதிவு செய்து வையுங்கள். பெயர், தோட்டம், லயம், எது வந்தாலும் சரி. தாமதம் செய்யாதீர்கள். என் தாத்தாவிடம் நான் கேட்காமல் விட்டேன். அவர் 1998-ல் போய்விட்டார்.

பயணம் சுலபம்தான். பாங்காக் தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரிக்குக் காலையிலேயே ரயில் இருக்கிறது. மரப் பெஞ்சு, ஜன்னல் திறந்திருக்கும். அதே வண்டி நாம் தோக்வரை போகும். அதற்கு மேல் பாதையைப் பிடுங்கிவிட்டார்கள். நாம் தோக் போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். தாம் கிராசே என்ற இடத்தில் வண்டி ஆமைபோல ஊரும். ஒரு பக்கம் பாறை கைக்கு எட்டும், உங்கள் பக்கம் மரத்தூண்களுக்குக் கீழே ஆறு தெரியும். அந்த மரப்பாலத்தில் இறங்கி நடக்கவும் விடுகிறார்கள். நரகத்தீக் கணவாய்க்கு நாம் தோக்கிலிருந்து வண்டி பிடித்துப் போக வேண்டும், அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள். அம்மா பேச்சில் வரும் இடம் பர்மா எல்லைப் பக்கம் என்றால், அங்கே பழைய பாதையில் ஒரு பகுதி அணைக்கட்டு நீருக்கு அடியில் இருக்கிறது. தேடிப் பார்க்க ஒன்றும் இருக்காது.

விளக்கேற்ற அந்தக் கோயிலுக்கே போங்கள். ஊதுவத்தியும் பூவும் ஏற்றுக்கொள்கிறார்கள். முதல் பதிவில் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். நான் எள் கொண்டுபோயிருந்தேன். தண்ணீருக்கு என்ன செய்வது என்று முதல் நாள் ராத்திரி யோசித்தேன். ஆற்றுத் தண்ணீரை எடுக்க மனம் வரவில்லை. ஓட்டல் அறைக் கெட்டிலில் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்து, குமிழி வரும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். காலையில் அதை ஆறவைத்து போத்தலில் எடுத்துப்போய், பெரிய தாத்தா பேரைச் சொல்லி நடுகல் அடியில் ஊற்றினேன்.