டிரை ரன்: ஒத்திகையா, வெள்ளோட்டமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இணையதளப் பராமரிப்புக் கையேட்டை மொழிபெயர்க்கையில் டிரை ரன் (dry run) என்பதற்கு, அதாவது ஒரு கட்டளையை உண்மையில் நிறைவேற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டச் செய்வதற்கு, ‘உலர் ஓட்டம்’ என்று நம் குழுவில் வந்த பரிந்துரையை ஏற்கத் தயங்குகிறேன். உலர்வதற்கு அங்கே ஈரமே இல்லை. அதற்கு மாற்றாகக் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘வெள்ளோட்டம்’ அருமையான சொல்தான் எனினும், அதை இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு உரிய இடத்தில் வைக்கச் சொல் இல்லாமல் போகும்.

புதிதாகச் செய்த தேரில் சுவாமியை எழுந்தருளச் செய்வதற்கு முன், அதை வீதியில் இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். தேர் மெய்யாகவே ஓடுகிறது. எந்தத் திருப்பத்தில் முட்டுக்கட்டை போட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. டிரை ரன்னில் எதுவும் நகர்வதில்லை. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளத்தின் செருகுநிரல்கள் (plugins, கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) அனைத்தையும் புதிய பதிப்புக்கு இற்றைப்படுத்தும் கட்டளையோடு டிரை ரன் தெரிவைச் சேர்த்தால், எது எந்தப் பதிப்புக்கு மாறும் என்ற பட்டியல் மட்டும் திரையில் வரும். ஒரு கோப்பும் மாறாது.

இந்த வேறுபாட்டை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பெங்களூரில் ஒரு சிறு தமிழ் அமைப்பின் தளத்தைப் பராமரித்து வருகிறேன். ஓர் இரவு அந்தப் பட்டியலைப் பார்த்த நிம்மதியில் உண்மைக் கட்டளையை இட்டேன். வெறும் வெள்ளைப் பக்கம் வந்து நின்றது. எங்கள் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புரு (theme) பயன்படுத்திவந்த ஒரு செயற்கூற்றை (function) ஒரு செருகுநிரலின் புதிய பதிப்பில் நீக்கியிருந்தார்கள். பதறிப்போய்க் காப்புநகலை ஏற்றியபோது, எழுத்துக் குறியாக்கத்தைக் கவனிக்காததால், கட்டுரைத் தலைப்புகள் எல்லாம் கேள்விக்குறி வரிசைகளாக மாறின. குறியாக்கத்தை யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என அமைத்து மறுபடி ஏற்றிய பிறகுதான் ‘அ’ திரும்பி வந்தது. தளத்தின் படியெடுப்பு ஒன்றில் முதலில் ஓட்டிப் பார்த்திருந்தால் இந்த வெள்ளைப் பக்கம் அங்கேயே வந்து தொலைந்திருக்கும்.

ஆகவே இப்படி ஓட்டிப் பார்ப்பதற்கான படியெடுப்பை, அதாவது ஸ்டேஜிங் (staging) தளத்தை, ‘வெள்ளோட்டத் தளம்’ என்றும், டிரை ரன்னை ‘ஒத்திகை’ என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. தரவுத்தளத்தில் தள முகவரியைத் தேடி மாற்றும் கட்டளையை ஒத்திகையாக இட்டால், எந்த அட்டவணையில் எத்தனை இடங்கள் மாறும் என்று எண்ணிச் சொல்லும், ஆனால் எதையும் எழுதாது; நாடக ஒத்திகையில் வசனம் முழுவதும் பேசப்பட்டாலும் கத்தி யாரையும் வெட்டுவதில்லை அல்லவா? ஒத்திகை பார்ப்பது, வெள்ளோட்டம் விடுவது என்று வினைகளும் வழக்கில் ஆயத்தமாக இருக்கின்றன. டிரை ரன்னுக்கு ‘வெற்றோட்டம்’ (வெறும் ஓட்டம்) என்பதும் இலக்கணப்படி சரியே. ஆனால் தொலைபேசியில் சொன்னால் அதற்கும் வெள்ளோட்டத்துக்கும் வேறுபாடு கேட்காது.

அவசரத்தில் ஒத்திகை, வெள்ளோட்டம் என்று இரண்டு படிகள் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். வேர்ட்பிரஸ் போன்ற மற்றொரு மென்பொருளான ட்ரூபலில், ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் 7.32 பதிப்பு வெளியான 2014 அக்டோபர் 15 அன்று, 7 மணி நேரத்துக்குள் இற்றைப்படுத்தாத தளங்களை ஊடுருவப்பட்டவையாகவே கருதுமாறு அதன் பாதுகாப்புக் குழு பின்னர் அறிவித்தது உண்மைதான். அத்தகைய நாளில் ‘ஒத்திகை மட்டும் பாருங்கள், வெள்ளோட்டத்துக்கு நேரமில்லை’ என்று சக பராமரிப்பாளரிடம் சொல்லவாவது நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும்.

கையேட்டின் மொழிபெயர்ப்பில் இப்போதைக்கு இவ்வாறே இட்டிருக்கிறேன். மறுப்பு இருப்பின் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.