அனீல்: 'பதப்படுத்து' வேண்டாம், 'ஆற்று' இருக்கிறது

அனைவருக்கும் வணக்கம். உலோகத்தையும் கண்ணாடியையும் சூடாக்கி மெல்ல ஆறவிடுவதைக் குறிக்கும் 'அனீல்' (anneal) என்ற ஆங்கில வினைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> அனீல் என்ற வினைக்குப் 'பதப்படுத்து' என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் புரியும்.

ஐயா, எல்லாருக்கும் வேறு ஏதோ புரியும் என்பதுதான் என் கவலை. தோலைப் பதப்படுத்துகிறோம், மீனைப் பதப்படுத்துகிறோம். அரிவாளுக்குப் பதம் ஏற்றினார் என்றால் அதன் வாயை உறுதியாக்கினார் என்று பொருள். அனீல் செய்வதோ இறுகிப்போன உலோகத்தை மறுபடி இளக்குவதற்காக. ஏறக்குறைய எதிர்த்திசை வேலை.

கட்டடம் எழும்பும் இடத்தில் கிடக்கும் கட்டுக்கம்பியில் ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். கம்பி கட்டுபவர் கொக்கியை மாட்டி இரண்டு சுழற்று சுழற்றினால் சொன்னபடி கேட்கும் அந்தக் கருங்கம்பிதான். இரும்பை இழுத்து இழுத்து மெல்லிய கம்பியாக்கும்போது அது விறைத்துவிடும். பிறகு உலையில் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டதால்தான் இவ்வளவு இணக்கம். அதையே ஓர் இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் மடிப்பு விறைப்பாவது விரலுக்கே தெரியும், கொஞ்சம் சுடவும் செய்யும், அப்புறம் படக்கென்று ஒடியும். விறைத்துக்கொண்டிருந்ததை நடுவிலேயே காய்ச்சி ஆற்றியிருந்தால் ஒடிந்திருக்காது. நமக்கு வேண்டிய சொல் இந்த வேலையைச் சொல்ல வேண்டும்.

இப்போது ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் அது 'ஓனேலன்': தீ மூட்டு, கொளுத்து என்று பொருள். அதற்குள் இருக்கும் 'ஏலன்' என்றால் எரித்தல். உலோகமும் இல்லை, ஆறுவதும் இல்லை; வெறும் நெருப்புதான். பிறகு மண்கலத்தையும் கண்ணாடியையும் சூளையில் வைத்து நிறம் பிடிக்கச் செய்வதற்கு வந்தது. சூட்டுக்குப் பின் மெல்ல ஆறவிடும் பொருள் அதன் மேல் ஏறியது பின்னால்தான். கொளுத்து என்று பிறந்த சொல் ஆறவிடுவதைக் குறிக்கும் அளவுக்கு நகர்ந்திருக்கிறது. ஆகவே வேர்ச்சொல்லைப் பார்த்து 'எரி', 'மூட்டு' என்று நாம் ஆக்கினால் தொழிலை விட்டுவிடுவோம்.

கண்ணாடியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் வால் வைத்த துளியாக உறையும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு அதைக் கொண்டுவந்த இளவரசர் ரூபர்ட்டின் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. தலையில் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும், வால் நுனியைக் கிள்ளினால் மொத்தமும் பொடிப்பொடி. வெளிப்பக்கம் முந்தி உறைந்துவிட, உள்ளே தகைவு, அதாவது உள்ளிறுக்கம், அடைபட்டுக் கிடக்கிறது. அதே கண்ணாடியை 550 பாகை செல்சியஸ் அளவில் வைத்து நிதானமாக இறக்கினால் அந்தத் தகைவு தணிந்துவிடும். புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது, பசியாற்றுகிறோம் என்கிறோமே, அதே ஆறுதல்தான். இவ்வளவு பொருத்தமான வேர் நம்மிடம் இருக்கும்போது ஏன் பதத்தைத் தேடிப் போக வேண்டும்? என் பரிந்துரை: சுட்டாற்று.

> செம்பையும் வெள்ளியையும் சுட்டவுடன் தண்ணீரில் போட்டாலும் இளகித்தானே இருக்கிறது? 'ஆற்று' எப்படிப் பொருந்தும்?

அம்மா, நல்ல கேள்வி. செம்பில் இளக்கம் சூட்டிலேயே நடந்துவிடுகிறது, குளிர்விக்கும் வேகம் பெரிதில்லை. எஃகை அப்படிப் போட்டால் விறைத்துவிடும். அது துவைச்சல், வேறு வேலை. ஆனால் 'ஆற்று' என்பதை நான் குளிர்விப்பு என்ற பொருளில் மட்டும் வைக்கவில்லை. இறுக்கத்தைத் தணிப்பதும் அதற்குள் இருக்கிறது. செம்புக்கும் அது நடக்கிறது.

டி.என்.ஏ. இழைகள் இணைவதையும் ஆங்கிலத்தில் அனீல் என்றே சொல்கிறார்கள். அந்த விஷயத்தில் மட்டும் நான் மாற்றிக்கொள்கிறேன். 1960இல் ஹார்வர்டில் டோட்டி, மார்மர் குழுவினர் சூட்டில் பிரிந்த இரு இழைகளை மெல்ல ஆறவிட்டபோது அவை மறுபடி சேர்ந்தன. சட்டென்று குளிர்வித்தால் சேரவில்லை. டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் இன்றைய பி.சி.ஆர். முறையிலும் 95 பாகையில் பிரித்து, 55 பக்கம் இறக்கும்போதுதான் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழை (பிரைமர்) ஒட்டுகிறது. சுடுவது அங்கே தனிப்படி, அதற்குத் தனிப்பெயர். எனவே 'சுட்டு' சேராது. அங்கே 'ஆறியிணைதல்' என்போம். ஆங்கிலத்தில் ஒரே வினை இரண்டுக்கும் நிற்கிறது. தமிழில் ஆற்று என்றால் செய்பவர் ஒருவர் வேண்டும், ஆறு என்றால் இழைகள் தாமாகச் சேர்வது. அந்த வேறுபாட்டை ஏன் இழக்க வேண்டும்?

கணிப்பியலில் 1983இல் கர்க்பாட்ரிக், கெலாட், வெக்கி மூவரும் சயன்ஸ் இதழில் எழுதிய, நல்ல விடையைத் தேடும் 'சிமுலேட்டட் அனீலிங்' முறைக்குப் 'போலிச் சுட்டாற்றல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு பாதியையும் மாற்ற வேண்டும். போலி என்றால் ஏமாற்று, 'ஒப்புரு' நல்லது. 'ஆற்றல்' என்றதும் இயற்பியல் படித்தவர் எனர்ஜி என்றே படிப்பார், அதுவும் ஆற்றலைக் குறைப்பதையே பேசும் முறையில்! 'ஆற்றுகை' என்றால் ஈழத்தில் மேடை நிகழ்த்துகை. ஆகவே பெயர்ச்சொல் 'சுட்டாற்றுதல்', அந்த முறை 'ஒப்புருச் சுட்டாற்றுதல்'. முதலில் வெப்பநிலையை ஏற்றிவைத்து மோசமான நகர்வுகளையும் ஏற்றுக்கொள்வதும், போகப்போக இறக்கிக் கொண்டுவருவதும் பெயரிலேயே தெரியும்.

பட்டியலில் இப்படி ஏற்றலாமா: சுட்டாற்று, சுட்டாற்றுதல், சுட்டாற்றிய கம்பி, ஆறியிணைதல்? பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அவர்கள் சொல் கிடைத்தால் என்னுடையதை எடுத்துவிட்டு அதையே வைப்பேன். துவைச்சலுக்குத் தனி உரையாடல் இழை தொடங்குகிறேன்.