டயாஃப்ரம் கிளட்ச் மாத்தின அம்பாசடரில் முதல் கியரும் ரிவர்ஸும் கத்துது, அவசர உதவி

மார்க்3_வெள்ளை:
அம்பாசடரில் பழைய காயில் ஸ்பிரிங் கிளட்சைக் கழட்டிட்டு டயாஃப்ரம் (விரல் விரலா வெட்டின ஒரே தட்டு ஸ்பிரிங்) கிளட்ச் போட்டாச்சு. பெடல் பஞ்சு மாதிரி லேசா இருக்கு. ஆனா நின்ன இடத்தில் முதல் கியர், ரிவர்ஸ் ரெண்டும் கத்துது. ஓடும்போது மத்த கியர் பரவாயில்லை. கிளட்ச் ஆயில் லைன்ல ஏரும் எடுத்தாச்சு. ஞாயிறு காலையில் கல்யாண வீட்டுக்கு வண்டி போகணும். என்ன பண்ணலாம்?

ஸ்பேனர்_கோவை:
எந்த எஞ்சின்னு சொல்லலையே? 1489 பெட்ரோலா, டீசலா, இசுசு 1.8ஆ? ஸ்டீயரிங் கியரா, ஃப்ளோர் கியரா? எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுப் போட்டா முதல் கியர் சுத்தமா விழுதா? அப்படி விழுந்தா கியர் லிவர் லிங்கேஜ்ல தப்பில்லை, கிளட்ச் முழுசா விடலைன்னு எடுத்துக்கலாம்.

ரதம்63:
மாடல்கூடச் சொல்லாம கேள்வி கேட்கிறது இங்க வழக்கமாப் போச்சு. அந்தப் பழைய நாலு கியர் பெட்டியில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ (கியர்களோட வேகத்தை ஒத்துப்போக வைக்கிற அமைப்பு) கிடையாது. பெடலை மிதிச்ச உடனே போட்டா எந்த கிளட்சா இருந்தாலும் கத்தத்தான் செய்யும். பெட்டிக்குள்ள சுத்துற லே ஷாஃப்ட் நிக்கிற வரைக்கும் பொறுக்கணும். இல்லன்னா செகண்டைத் தொட்டுட்டு ஃபர்ஸ்டுக்கு வரணும். முதல்ல அந்தப் பெட்டியை ஓட்டக் கத்துக்கோங்க, கிளட்சை அப்புறம் மாத்தலாம்.

ஸ்பேனர்_கோவை:
நீங்க சொல்ற முறை சரிதான் சார், அதையே சோதனையா வைக்கலாம். தம்பி, பெடலை முழுசா மிதிச்சு பத்து செகண்ட் எண்ணிட்டு ரிவர்ஸ் போடுங்க. அப்பவும் கத்தினா கிளட்ச் இழுக்குது, அதாவது முழுசா விடலை. பெடலை நாலஞ்சு தடவை பம்ப் பண்ணதும் சத்தம் குறைஞ்சா லைன்ல ஏர் மிச்சம் இருக்கு.

பிட்_மேஸ்திரி:
எனக்கு கிளட்ச் பிளேட் மேலதான் சந்தேகம். கியர்பாக்ஸை ஏத்தும்போது ஷாஃப்ட் பிளேட்டோட ஸ்ப்ளைன்ல (நடு ஓட்டைப் பல்லுல) நுழைஞ்சதும் ஒரு நிமிஷம் கையை விட்டாலும் பெட்டியோட மொத்த எடையும் பிளேட் நடுவுல தொங்கும். பிளேட் லேசா வளைஞ்சாப் போதும், விட்ட பிறகும் ஃப்ளைவீலை உரசும். நீளமான போல்ட் ரெண்டை எடுத்து தலையை அறுத்து, பெல் ஹவுசிங் ஓட்டையில் மேல ரெண்டு பக்கமும் திருகிட்டு, அதுமேல பெட்டியைத் தள்ளணும். அப்ப எடை அந்த ஸ்டட் மேல நிக்கும். பிளேட்டையும் திருப்பிப் போடலையே? ஸ்பிரிங் துருத்துற பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்கணும். மாத்திப் போட்டா நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட் தலையில் முட்டும்.

ஹோஸ்_ஈரோடு:
இதுக்கெல்லாம் பெட்டியை இறக்காதீங்க. ஸ்லேவுக்கு (ஆயில் அழுத்தத்தில் கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளுற சிலிண்டர்) போற ரப்பர் ஹோஸை ஒருத்தர் பிடிச்சுக்கட்டும், இன்னொருத்தர் மிதிக்கட்டும். பழைய ஹோஸ் கைக்குள்ள உப்பும். உப்புற அளவு ஆயில் ஸ்லேவுக்குப் போகாது. ஏர் எடுக்கும்போது ஏர் வெளியேற்ற நிப்பிள் ஸ்லேவோட மேல்பக்கம் இருந்துச்சா? கீழ இருந்தா எத்தனை பாட்டில் ஊத்தினாலும் ஏர் போகாது.

மார்க்3_வெள்ளை:
மார்க் 3, 1489 பெட்ரோல், ஸ்டீயரிங் கியர். ஆஃப்ல சுத்தமா விழுது. பத்து செகண்ட் பொறுத்தும் கத்துது, பம்ப் பண்ணாலும் அதேதான். ஹோஸ் புதுசு, நிப்பிள் மேலதான். பிளேட் சரியாத்தான் போட்டது.

லேத்_பட்டறை:
ஊகத்தை நிறுத்திட்டு அளவு எடுங்க. ஒருத்தர் பெடலை முழுசா மிதிக்கட்டும், கீழ ஸ்லேவ் புஷ் ராட் எவ்வளவு நகருதுன்னு ஸ்கேல் வெச்சுப் பாருங்க. 12 மி.மீ. கிட்ட வரணும். அது வந்தும் கத்தினா பிளேட், இல்லன்னா கிராங்க் முனையில் இருக்கிற ஸ்பிகாட் புஷ் ஷாஃப்டைப் பிடிக்குது, பெட்டியை இறக்கித்தான் ஆகணும். வரலைன்னா கோளாறு வெளியிலதான். பெடல் பின்னையும் பாருங்க. ஓட்டை முட்டை வடிவமாத் தேய்ஞ்சிருந்தா மிதிக்கிறதில் ஒரு பங்கு அங்கேயே போயிடும்.

ரதம்63:
டயாஃப்ரம் போட்டவர் கார்பன் ரிலீஸ் பேரிங்கையே (மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கிறது) வெச்சிருந்தார்னா முதல் தப்பே அங்கதான். பால் பேரிங் போடணும். கார்பன் தேயும், சிக்னல்ல கியரைப் போட்டுட்டு மிதிச்சிட்டே நின்னா இன்னும் சீக்கிரம் தேயும்.

பிட்_மேஸ்திரி:
இதை ஒத்துக்க முடியாது சார். இந்தப் பெட்டியில் பேரிங்கைத் தள்ளுற ஃபோர்க் ஒரு பின்னைச் சுத்தி வளைவாத்தான் நகரும், நேராப் போகாது. கார்பன் கப் ரெண்டு கிளிப்ல ஆடிட்டு இருக்கிறதால தானா சமதளமா உட்காரும், நடு கொஞ்சம் விலகினாலும் வழுக்கிக்கும். அதே ஃபோர்க்ல பால் பேரிங்கை மாட்டினா ஓரமாத் தேய்ச்சிட்டே சுத்தும். நேரா ஓட கியர்பாக்ஸ் முன் கவர் மூக்குல ஸ்லீவ் (வழிகாட்டுற குழாய்) வேணும். அதோட ஹைட்ராலிக்ல பேரிங் எப்பவும் டயாஃப்ரம் விரல்களை ஒட்டியே நிக்கும், எஞ்சின் ஓடுற நேரமெல்லாம் அது சுத்தும்.

ரதம்63:
இப்ப வர்ற வண்டி எல்லாத்திலும் பால் பேரிங்தான். கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா?

பிட்_மேஸ்திரி:
அதிலெல்லாம் ஸ்லீவும் இருக்கு சார். இதில் கவனிக்க வேண்டியது வேற: கார்பனுக்கு டயாஃப்ரம் விரல் மேல வட்டத் தகடு உள்ள கவர்தான் வேணும். வெறும் விரல் மேல கார்பன் உரசினா சீக்கிரம் அரைச்சிடும்.

ஸ்பேனர்_கோவை:
பேரிங் சண்டைக்கு தனி இழை போடலாமே. அளவு என்ன ஆச்சு தம்பி?

மார்க்3_வெள்ளை:
9 மி.மீ.தான் வருது. பெடல் பின் நல்லா இருக்கு. வட்டத் தகடு உள்ள கவர்தான். ஸ்லேவும் புதுசு, கிளட்சோட சேர்த்தே மாத்தினது, அதனால அதுல இருக்காது.

லேத்_பட்டறை:
அதுலதான் இருக்கும்னு நினைக்கிறேன். புது ஸ்லேவ் என்ன போர் (உள்விட்டம்)? உடம்புல அச்சு இருக்கும். இல்லன்னா பிஸ்டனை வெர்னியர்ல பாருங்க: 22.2 மி.மீ.னா 7/8 இஞ்ச், 25.4னா 1 இஞ்ச். பழசையும் அளங்க.

காரணம் இதுதான். மாஸ்டர் (பெடலோட இணைஞ்ச சிலிண்டர்) தள்ளுற ஆயில் மாறாது. ஸ்லேவ் பெருசானா பரப்பு கூடும், நகர்வு குறையும். 7/8 இஞ்சுக்கு 0.875 பெருக்கல் 0.875, அதாவது 0.77. 1 இஞ்சுக்கு 1. அப்ப 7/8ல கிடைக்கிற நகர்வில் 77 சதவீதம்தான் 1 இஞ்சில் கிடைக்கும். உங்க 9ஐ 0.77ஆல் வகுத்தா 11.7 வருது. தேவையான அளவுக்கு கிட்டத்தட்ட சரியா நிக்குது பாருங்க. பெடல் ரொம்ப லேசா இருக்குன்னு முதல்லயே சொல்லியிருந்தீங்க. அதில் பாதி டயாஃப்ரத்தால, மீதி பெரிய ஸ்லேவால. பழைய போர்ல மாத்தினா பெடல் கொஞ்சம் கனமாகும், ஆனாலும் காயில் ஸ்பிரிங் அளவுக்கு வராது.

ஹோஸ்_ஈரோடு:
மாத்தும்போது ஸ்லேவ் பிஸ்டனை முழுசா உள்ள தள்ளி வெச்சு ஏர் எடுங்க. பெடலை மெதுவா மிதிங்க, நிப்பிளை மூடின பிறகு காலை எடுங்க. மாஸ்டர் டப்பா பாதிக்குக் கீழ இறங்க விடாதீங்க.

மார்க்3_வெள்ளை:
புதுசு 1 இஞ்ச், பழசு 7/8. மாத்திட்டேன். கியர் விழுது, ரிவர்ஸும் விழுது. நன்றி.

லேத்_பட்டறை:
நல்லது. இப்ப புஷ் ராட் எவ்வளவு நகருதுன்னு ஒரு தடவை அளந்து போடுங்க. 12ஐ ரொம்பத் தாண்டினா பெடலுக்குக் கீழ ஒரு தடுப்பு வையுங்க. காயில் ஸ்பிரிங் தாங்குற அதிக மிதியை டயாஃப்ரம் தாங்காது, விரல் உள்ள போய் பிளேட் நடுவுல முட்டும்.

ஸ்பேனர்_கோவை:
தம்பி, அளவைப் போட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போங்க. அடுத்து மாத்தறவங்களுக்கு உதவும்.