10-இன் 25ஆம் அடுக்கு: சட்டமா, சோதிடமா?

கணிமாறன்: ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், 10-இன் 25ஆம் அடுக்குக்கு (1-க்குப் பின் 25 சுழியங்கள்) மேற்பட்ட கணக்கீடுகளால் பயிற்றுவிக்கப்பட்ட மாடல்களைத் தடை செய்துவிட்டதாக ஒருவர் இங்கே முழங்கியிருக்கிறார். 51ஆம் பிரிவைப் படித்தவர் இப்படி எழுத மாட்டார். அந்த எல்லையைக் கடந்த மாடலுக்குப் பெரும்பாதிப்பு விளைவிக்கும் ஆற்றல் உண்டென்று சட்டம் அனுமானிக்கிறது. ஆகவே நிறுவனம் இரண்டு வாரங்களுக்குள் ஐரோப்பிய ஆணையத்துக்குத் தெரிவித்து, மாடலைச் சோதித்து, கடுமையான அசம்பாவிதங்களை அறிவிக்க வேண்டும்.

எழிலரசு: அந்த ஒருவர் நான்தான்; பெயர் சொல்லவும் துணிவில்லை போலும். இத்தனை சுமையை ஏற்றிய பின் அது தடையல்லாமல் வேறென்ன? 25 ஏன், 24 ஏன் இல்லை? செயற்கை நுண்ணறிவு பற்றிய அமெரிக்க அதிபரின் 2023 அக்டோபர் ஆணை 26 என்றதே, இரண்டில் எது அறிவியல்?

கணிமாறன்: அந்த ஆணை 2025 சனவரியில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கலாம். ஐரோப்பாவிலோ நிறுவனம் அனுமானத்தை மறுத்து வாதிடலாம். எல்லைக்குக் கீழுள்ள மாடலையும் ஐரோப்பிய ஆணையம் பெரும்பாதிப்பு மாடல்களின் பட்டியலில் சேர்க்கலாம். எல்லையையே மாற்றவும் அதற்கு அதிகாரம் உண்டு. மேம்போக்காகப் படிப்பவர்களுக்கு 25 மட்டுமே கண்ணில் படும்.

மதிவதனி: மக்களின் நடத்தையை எடைபோட்டுச் சமூக மதிப்பெண் வழங்குவது போன்ற பயன்பாடுகள் இதே ஐரோப்பியச் சட்டத்தால் 2025 பிப்ரவரி 2 முதல் உண்மையிலேயே தடை செய்யப்பட்டுள்ளன. மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 7 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம். அங்கே கணக்கீட்டு எண்ணிக்கையே கிடையாது. அதைப் பேச இருவருக்கும் நேரமில்லை.

எழிலரசு: அபராதத்தைப் பிறகு பார்ப்போம். 2024 செப்டம்பரில் கலிஃபோர்னிய ஆளுநர், சிறிய, தனித்துறை மாடல்களும் அதே அளவு ஆபத்தாகலாம் என்று கூறியே, இதேபோல் கணக்கீட்டு எல்லை வைத்த மாநில மசோதாவை நிராகரித்தார். அன்று இதைச் சொன்னபோது என்னை அரைகுறை என்றவர் நீங்கள்தான், கணிமாறன்.

கணிமாறன்: இன்றும் அதையே சொல்கிறேன். அந்த ஆளுநர் ஒழுங்குமுறையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே மாதத்தில் வேறு பல செயற்கை நுண்ணறிவு மசோதாக்களில் கையெழுத்திட்டார். அவருடைய நிராகரிப்புக் கடிதத்தில் பாதியைப் படித்துவிட்டு மீதியைக் கற்பனையால் நிரப்புவது உங்கள் வழக்கம். ஐரோப்பியச் சட்டம் இயற்றப்பட்டபோது ஒருசில மாபெரும் மாடல்களே அந்த எல்லையைத் தொட்டிருந்தன. அவற்றை மட்டும் பிடிப்பதே நோக்கம்.

எழிலரசு: அப்படியானால் வன்பொருள் மலியும்போது எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு மாடலும் மாபெரும் மாடலாகிவிடுமா? மறுபடியும் கேட்கிறேன்: 25 ஏன்?

கணிமாறன்: மறுபடியும் சொல்கிறேன்: 51ஆம் பிரிவைப் படியுங்கள்.