புதுப்பிப்பு: மகளுக்குக் கீரைப் பவுடர், கடைசியில் என்ன செய்தோம்

வேர்க்கடலையும் எள்ளும் ஒத்துக்கொள்ளாத என் மகளுக்கு எந்தக் கீரைப் பவுடர் தரலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

செங்கோட்டையிலும் புனலூரிலும் கிடைத்த மூன்று டப்பாக்களையும் எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஒன்றின் அடியில், வேர்க்கடலை கையாளும் இடத்தில் தயாரானது என்று பொடி எழுத்தில் இருந்தது. மற்ற இரண்டிலும் எள்ளைப் பற்றிப் பேச்சே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. நம் 2020 லேபிள் விதிகளில் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய அலர்ஜிப் பட்டியலில் வேர்க்கடலை, பால், சோயா எல்லாம் உண்டு, எள் கிடையாது. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் கட்டாயம். ஒரு கம்பெனிக்குப் போன் போட்டு, அதே மெஷினில் எள் அரைப்பீர்களா என்று கேட்டேன். நேரான பதில் வரவில்லை, வாங்கவில்லை.

டாக்டரிடம் கேட்டுவிட்டு, கொல்லைப்புற முருங்கை இலையை நிழலில் காயப்போட்டேன். மில்லுக்குக் கொடுத்துவிடாதீர்கள்! எங்கள் தெரு மில்லில் முன்னால் நின்றவர் இட்லிப் பொடிக்கு வறுத்த எள்ளோடு வந்திருந்தார். வீட்டு மிக்ஸி ஜாரிலும் வேர்க்கடலைச் சட்னி அரைத்திருக்கிறோம், அதனால் புது ஜாரே வாங்கினேன். மூடியில் அவள் பெயரை ஒட்டியிருக்கிறேன். கால் ஸ்பூனில் ஆரம்பித்தோம், பத்து நாளாகத் தோசை மாவில் கலந்து தருகிறேன். தடிப்பு, அரிப்பு எதுவும் இல்லை.