மண்டபம் கடற்கரைத் தரையில் 3டி ஆவுளியா: வரையலாமா, வேண்டாமா?

கடலோரத்தான்:
மண்டபம் கடற்கரைப் பக்கம் சிமெண்ட் தரையில் ஒரு ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, 3டி-யில் வரையலாம் என்று நண்பர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வருவதுபோல இருக்கும். 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள், ஆனால் ஆவுளியாவை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தொண்டி பெயிண்டர்:
வேண்டாம் தம்பி. விசைப்படகுக்குப் பெயர் எழுதுகிறவன் சொல்கிறேன், இந்த 3டி எல்லாம் செல்போனுக்காக வரைவது. கேமராவுக்கு ஒரே கண், அது ஏமாறும். நமக்கு இரண்டு கண், பக்கத்தில் போனால் தரை தரையாகத்தான் தெரியும். நாலடி தள்ளி நின்றால் உன் ஆவுளியா கோணல்மாணலாகக் கிடக்கும். ஒரே இடத்தில் நிற்பவனுக்கு மட்டும் படம் என்றால் மற்றப் பக்கம் நடப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அதே பெயிண்டைச் சுவரில் அடி, பாம்பன் போகிற பஸ்ஸிலிருந்தும் தெரியும்.

கடலோரத்தான்:
அண்ணே, செல்போன் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இது இருக்கிறது. 1533-ல் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த 'தூதுவர்கள்' லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. நேரே நின்றால் இரண்டு பேர் காலடியில் ஏதோ சாய்ந்த கறை. வலது ஓரமாக ஒதுங்கிப் பார்த்தால் அது மண்டையோடு. ரோமில் சாந்த் இக்னாசியோ தேவாலயத்தில் ஆந்திரேயா பொட்சோ 1685-ல் தட்டையான கித்தானில் ஒரு குவிமாடத்தையே வரைந்து கூரையில் ஏற்றினார். எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் பளிங்கு வட்டம் பதித்திருக்கிறார்கள், அதை விட்டு நகர நகர மாடம் சரிந்துகொண்டே போகும். அந்தச் சரிவுதான் எனக்குப் பெரிய வியப்பு, ஏனென்றால் வெறும் கணக்கை வைத்து ஒரு மனிதன் இதைச் செய்திருக்கிறான் என்று அப்போதுதான் உறைக்கிறது. அப்புறம், நீங்கள் மட்டும் என்ன செய்கிறீர்கள்? படகின் முன்பக்கம், அதாவது அணியம், வளைந்து போகிற இடத்தில் எழுத்து நெருங்கித் தெரியும் என்று முன்னால் போகப் போக எழுத்தை அகலமாக்குகிறீர்களே.

தொண்டி பெயிண்டர்:
அகலமாக்குவேன், முடித்ததும் இறங்கிப் போய்க் கரையில் அங்கும் இங்கும் நின்று பார்ப்பேன், எங்கிருந்து பார்த்தாலும் வாசிக்க வர வேண்டும். நீ சொல்வது ஓரிடத்துக்காக மற்ற எல்லா இடத்திலும் கெடுகிற வேலை. ரெண்டும் ஒன்றா?

ஈசிஆர் டிரைவர்:
தரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ரோட்டுக்கு வேண்டாம். 2016-ல் அகமதாபாத்திலும் 2017-ல் ஐஸ்லாந்தின் ஈசாஃப்யோர்டூரிலும் மிதக்கிற கட்டைகள்போல ஜீப்ரா கிராஸிங் வரைந்தார்கள். தினமும் போகிறவனுக்குப் பழகிவிடும். புதிதாக வருகிற சுற்றுலா வண்டி சடக்கென்று பிரேக் போட்டால் பின்னால் மீன் லாரி வருகிறது.

உச்சிப்புளி டீச்சர்:
எந்தக் கண்ணுக்கு வரையப் போகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. ஐந்தடி உயரத்தில் கண் இருப்பவர் பத்தடி தள்ளி நிற்கிறார், அங்கே மூன்றடி உயரத்துக்கு ஆவுளியா எழுந்து நிற்பதாகத் தெரிய வேண்டும் என்றால், தலையைத் தரையில் அவர் காலடியிலிருந்து 25-வது அடியில் வரைய வேண்டும். அதாவது மூன்றடி உருவத்துக்குப் பதினைந்தடி நீளம். அதையே கண் மூன்றரை அடி உயரத்தில் உள்ள பிள்ளை அதே இடத்தில் நின்று பார்த்தால் ஆவுளியா இரண்டடி சொச்சம்தான், அமுங்கித் தெரியும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கிட்டத்தட்ட இதே கதி. என் பிள்ளைகளை அழைத்து வந்து அமுங்கின ஆவுளியாவைக் காட்ட எனக்கு மனமில்லை.

கடலோரத்தான்:
டீச்சர், அப்படியானால் பிள்ளைகளின் கண்ணுக்கே கணக்குப் போடுவோம். உருவத்தை இரண்டடியாகக் குறைத்தால் தலை 23-வது அடிக்கு வரும், தரையில் பதின்மூன்றடிதான் ஆகும். பெரியவர்களுக்கு நீண்டு தெரியும். அவர்கள் குனிந்து பார்க்கட்டும். பெயிண்டர் அண்ணே, தரையில் நூல் பிடித்துக் கட்டம் போடும்போது நீங்கள் கூட நிற்க வேண்டும்.

தொண்டி பெயிண்டர்:
நூல் பிடிக்க வருகிறேன், டீச்சர் பிள்ளைகளுக்காக. ஆனால் பக்கத்துச் சுவரில் நேராக ஒரு ஆவுளியாவும் வரைய வேண்டும், அதை நான்தான் வரைவேன். உப்புக்காற்றும் மணலும் அராவி உன் தரைப்படம் சீக்கிரம் போய்விடும், அதற்கு இப்போதே பதில் சொல்.